இழுக்காத ஈர்ப்பு

என் வீட்டுக்காரர் மறுபடியும் வளைகுடாவுக்குப் போகிறாரா இல்லையா என்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் ஏஜெண்டிடம் சொல்லியாக வேண்டும். அதே ஞாயிறு காலையில், டவுணில் ஒரு வாசகர் கூட்டத்தில் பொதுச் சார்பியலைப் பற்றித் தமிழில் பேசுவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் சார்பியலைப் பற்றி ஓயாமல் பேச்சு நடந்தது. பயணத்தைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வகுப்பில் யாராவது கொட்டாவி விட்டால் சாக்பீஸ் பறக்கும் என்று எனக்கு ஒரு பேர் உண்டு, அது பாதி நிஜம். வீடு மேலப்பாளையத்தில். வீட்டுக்காரர் எனக்கு மாமி மகன், ஆகையால் கல்யாணத்துக்கு முன்னாலும் மச்சான், பின்னாலும் மச்சான். நிதானமான ஆள், கொஞ்சம் பருமன். நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார். அந்த ஒன்றில் என்னுடைய பத்தும் படுத்துவிடும். அவரிடம் எனக்குப் பிடிக்காதது அதுதான். பிடித்ததும் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமான வருஷமே அவர் விமானம் ஏறினார். பாலைவனத்தில் ரோடு போடுகிற கம்பெனியில் சர்வே வேலை. ஆள் உயரத்துக்கு ஒரு கம்பு, அதன் உச்சியில் தட்டு மாதிரி ஒரு கருவி. அதைக் குறித்த இடத்தில் ஆடாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்களைக் கேட்டு, நிற்கிற இடம் எது என்று கருவி சொல்லும். அப்படி நின்று நின்றே மனிதருக்கு முடி நரைத்தது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், ஊர்வாசம் உடம்பில் ஒட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். போன வருஷம்தான், "போதும்ளா" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒரேயடியாக வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் வீட்டில் ஒழுகின குழாய், கிறீச்சிட்ட கதவு, சுற்றாத ஃபேன் எல்லாவற்றையும் சரி பார்த்தார். சரி பார்க்க ஒன்றும் மீதியில்லை என்று ஆனதும் மனிதருக்குக் கை ஓடவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்துச் சென்னைக்கு அனுப்பியாகிவிட்டது. நான் காலையில் கல்லூரிக்குப் போனால் வீட்டில் அவர் மட்டும்தான். சாயங்காலம் வந்து பார்த்தால் சட்டை மாட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பார், விருந்துக்கு வந்தவர் மாதிரி. தண்ணீர் குடிக்க டம்ளர் எங்கே என்று என்னிடம் கேட்பார். அதைக் கேட்டால் எனக்கு அழுகை வரும். என் அழுகை எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"சொந்த வீட்டுல டம்ளர் எங்கன இருக்குன்னு கேக்குத ஆம்பளைய இங்கனதான் பாக்கேன்!"

"இடத்த மாத்தி மாத்தி வைக்கியே" என்பார். நான் அந்த டம்ளரை இருபது வருஷமாக மாற்றி வைத்ததே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஏஜெண்ட் போன் பண்ணினார். பழைய கம்பெனி, பழைய வேலை, பழகின ஆள் வேண்டும் என்கிறார்களாம், ஞாயிறுக்குள் பதில் வேண்டுமாம். மச்சான் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நீ என்ன சொல்லுத?"

"உங்க இஷ்டம் மச்சான்."

வேறென்ன சொல்வது? எங்கள் தெருவில் ஒரு பழக்கம். சகுனம் பார்ப்பதெல்லாம் மார்க்கத்தில் கிடையாது என்று அடித்துப் பேசுகிற தெருதான். ஆனால் ஒரு ஆண் பெட்டியைத் தூக்கி வாசற்படி தாண்டிவிட்டால் யாரும் பின்னாலிருந்து கூப்பிட மாட்டார்கள். பாஸ்போர்ட்டையே மறந்துவிட்டுப் போனாலும் சரி, ஓடிப் போய் முன்னால் நின்றுதான் கொடுப்பார்கள். "பொறத்தால கூப்பிடாதட்டி" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். எவள் வாயிலும் "போகாதீங்க" என்ற சொல் வராது, வரக் கூடாது. "போயிட்டு வாங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு, கார் தெரு முனை திரும்பினதும் அடுப்படியில் போய் மூக்கைச் சிந்துவோம். என் உம்மா அப்படிச் செய்தாள், நான் அப்படிச் செய்தேன். யார் போனாலும் அதுதான் மரியாதை என்றிருந்தோம்.

அது அங்கே கிடக்கட்டும். என் பேச்சுக்கு வருகிறேன். வாசகர் கூட்டத்தை நடத்துகிறவர் டவுணில் பாத்திரக்கடை வைத்திருக்கிற ஒரு அண்ணாச்சி. கல்லாவில் உட்கார்ந்தே உலகத்தில் உள்ள புத்தகத்தையெல்லாம் படித்துவிடுகிறவர். "இங்கிலீஷ் கலக்காம, எங்களுக்கு வெளங்குத மாதிரி சொல்லணும் டீச்சர்" என்றார். அதற்கென்ன என்று தலையாட்டிவிட்டேன். அன்று ராத்திரிச் சாப்பாடு முடிந்து பேப்பரை விரித்து முதல் வரி எழுதினதுமே மாட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்தது, பூமி பொருள்களைத் தன்னிடம் இழுக்கிறது என்று. பொதுச் சார்பியல் சொல்வது, இழுப்பதெல்லாம் ஒன்றுமில்லை என்று. ஒரு இடத்தில் பொருளோ ஆற்றலோ இருந்தால் அதைச் சுற்றியுள்ள இடமும் காலமும் வளைகின்றன. அந்த வளைவுக்குள் ஒவ்வொரு பொருளும் தனக்கு இயன்ற மட்டும் நேராகப் போகிறது. நேராகப் போகிறதைத்தான் வெளியிலிருந்து பார்த்து நாம் விழுகிறது, சுற்றுகிறது என்கிறோம். இதைச் சொல்கிற சமன்பாட்டில் நடுவே ஒரு சமக்குறி. ஒரு பக்கம், இங்கே இடமும் காலமும் எப்படி வளைந்திருக்கின்றன என்ற கேள்வி. மறுபக்கம், இங்கே எவ்வளவு பொருளும் ஆற்றலும் இருக்கின்றன என்ற கேள்வி. இரண்டுக்கும் விடை ஒன்று. என் மாணவிகளுக்கு இதை எத்தனையோ தரம் நடத்தியிருக்கிறேன், இங்கிலீஷில்.

தமிழில் அந்த விஷயத்தின் பேரே ஈர்ப்பு. ஈர்ப்பு என்றால் இழுப்பு. "புவியீர்ப்பு விசை" என்று வாய் திறந்த உடனேயே பூமி கயிறு போட்டு இழுக்க ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் எங்கே போய் இழுப்பு இல்லை என்று சொல்வது? நான் எழுதின முதல் வரி, "ஈர்ப்பு என்பது ஈர்ப்பு அல்ல." எழுதிவிட்டுப் பார்த்தால் பைத்தியக்காரி கிறுக்கினது மாதிரி இருந்தது.

மச்சான் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். "அப்ப பேர மாத்திர வேண்டியதுதான?" என்றார்.

"பேரு நான் வச்சதா? போய்ப் படுங்க!"

மறுநாள் கல்லூரி விட்டதும் கீழ ரத வீதிக்குப் போய் பனியன் துணி வாங்கினேன். கடைக்காரர், "எத்தனை பேருக்கு பனியன் தைக்கிய?" என்று கேட்டார். பிரபஞ்சத்துக்கு என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பெரிய சட்டியின் வாயில் அந்தத் துணியை இழுத்துக் கட்டினேன். நடுவில் பழைய படிக்கல்லை வைத்ததும் துணி குழிந்தது. "இது சூரியன்" என்றேன். ஓரத்தில் ஒரு கோலியை உருட்டினேன். அது குழியைச் சுற்றிச் சுற்றி வந்து கல்லில் போய் முட்டியது. "இது பூமி. பாத்தியளா? கல்லு இழுக்கல. துணி வளைஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்று பெருமையாக நிமிர்ந்தேன்.

மச்சான் கோலியை எடுத்து அவரும் ஒரு தடவை உருட்டிப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார்.

"கல்லு ஏன் கீழ குழிக்கி?"

"கனம்."

"கனம்னா பூமி இழுக்குததுதான? சட்டிக்கு அடியில பூமி இழுத்தாத்தான துணி குழியும்? இழுப்பே இல்லன்னு சொல்லிட்டு, இழுப்ப வச்சே காட்டுத."

எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! இந்த ஓட்டை எனக்குத் தெரியாமல் இல்லை. வருஷா வருஷம் வகுப்பில் இதே துணியை விரித்து, யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று படபடவென்று அடுத்த பக்கம் புரட்டுகிறவள் நான். பிள்ளைகளும் கேட்டதில்லை. இந்த மனுஷன் சோறு தின்ற கையோடு கேட்டுவிட்டார். துணியை அவிழ்த்துச் சுருட்டி மூலையில் எறிந்தேன்.

அவர் போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். டம்ளரை மட்டும் எப்படியோ கண்டுபிடித்திருந்தார். சமாதானமாக ஒரு வாய் குடித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது.

"பொருள் மட்டுமில்ல மச்சான், ஆற்றலும் வளைக்கும். இந்த டீ ஆறிப்போனா இருக்குத கனத்த விட, சூடா இருக்கையில ஒரு துளி, கண்ணுக்கே தெரியாத துளி, கனம் கூட. அந்த அளவுக்குச் சுத்தி இருக்குததயும் கூடுதலா வளைக்கும்."

"சூட்டுக்குமா?"

"சூட்டுக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப ஒன் கோவத்துக்கு இந்த வீடு இதுக்குள்ள சுருண்டு போயிருக்கணுமே!"

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மூக்கில் டீ ஏறிவிட்டது.

சனிக்கிழமை காலையில் அவர், "பாவநாசத்துக்குப் போயி ஒரு குளியல் போட்டுட்டு வந்துருவமா?" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "போறதுக்கு முந்தி" என்றும் சேர்த்தார். அந்த இரண்டு சொல் எனக்குச் சுருக்கென்றது. போவதென்று முடிவே செய்துவிட்டாரா? கேட்கவில்லை. பேச்சுக்கான பேப்பரைப் பையில் திணித்துக்கொண்டு கூடவே கிளம்பினேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவருக்கு. சேரன்மகாதேவி தாண்டி வயலெல்லாம் பச்சை கட்டி நின்றது. அவருடைய கம்புக்கும் என் சார்பியலுக்கும் உள்ள உறவை அங்கேதான் அவருக்குச் சொன்னேன். பூமியின் பக்கத்தில் காலம் வளைந்திருக்கிறது. வளைந்திருக்கிறது என்றால், கீழே இருக்கிற கடிகாரம் மேலே இருக்கிறதை விடப் பைய ஓடுகிறது. செயற்கைக்கோளில் உள்ள கடிகாரம் நம்முடையதை விட ஒரு பொட்டு வேகமாக ஓடும். அந்தப் பொட்டைக் கணக்கில் கழிக்காவிட்டால், அவர் பிடித்து நின்ற கம்பு ஒரே நாளில் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருப்பதாகக் கருவி சொல்லிவிடும்.

"அப்ப அந்த ரோடெல்லாம் நேரா இருக்கதுக்கு ஒன் பாடம்தான் காரணமா?"

"ஆமா."

"சொல்லவே இல்லியே இத்தன வருசமா" என்றார், சந்தோஷமாக. சொல்வதற்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. மனுஷன் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

பாபநாசத்தில் கோயிலுக்கு மேலே தலையணை. ஆற்றைக் குறுக்கே மறித்துக் கட்டின முதல் அணைக்கட்டுக்கு அந்தப் பேர். தண்ணீர் ஜில்லென்று கண்ணாடி மாதிரி ஓடியது. நான் கால் நனைத்துக்கொண்டு பேப்பரைப் புரட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் ஆளைக் காணோம். அந்தப் பக்கத்துப் பாறை மேல், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார்! ஐம்பத்தைந்து வயசு, அந்தத் தொப்பை, பாறையோ வழுக்கல்.

"மச்சான், எறங்குங்க! ஒங்களுக்கு என்ன கோட்டியா புடிச்சிருக்கு?"

குதித்துவிட்டார். யா அல்லாஹ் என்று நான் கத்தினது கோயில் வாசல் வரை கேட்டிருக்கும். தண்ணீர் ஒரு பனை உயரத்துக்குத் தெறித்தது என்று இன்றும் நான் சொல்வேன், அவர் மறுப்பார். தலை மேலே வந்தது. வாயெல்லாம் பல்.

"ஏளா, விழுந்துக்கிட்டு இருக்கையில ஒடம்புல கனமே இல்ல பாத்துக்க! பஞ்சு மாதிரி இருந்துச்சு!"

திட்டுவதற்குத் திறந்த வாய் அப்படியே நின்றது. இந்த முழுப் பாடமும் அந்த ஒரு நினைப்பில்தான் தொடங்கியது. விழுகிற மனிதனுக்குக் கனம் தெரியாது. நிற்கும்போது காலில் உணர்கிறோமே கனம், அது பூமி இழுப்பதல்ல. தரை நம்மைக் கீழே போகவிடாமல் மேலே தாங்கித் தள்ளுவதுதான். தரை வழிவிட்டால் நாம் பாட்டுக்கு, நமக்கு நேரான வழியில் போய்க்கொண்டிருப்போம். அவர் தலை துவட்டும்போது இதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப யாருமே இழுக்கலியா?"

"யாரும் இழுக்கல."

அவர் துண்டைப் பிழிந்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஆனா கேக்க கொஞ்சம் வெறிச்சுன்னு இருக்கு."

நான் பேச்சை மாற்றினேன். "இந்த இடம் நம்ம ஊர விட ஒசரம். அதனால இங்கன நேரம் கொஞ்சம் வேகமா ஓடும், நம்ம வீட்டுல பைய ஓடும். கடுகத்தனை வித்தியாசம்தான்."

"பாலைவனத்துல ரொம்பப் பைய ஓடுச்சே" என்றார் அவர், ஆற்றைப் பார்த்துக்கொண்டே. "ஒரு சாயங்காலம் போறதுக்கு ஒரு வருசம் ஆவும். அது என்ன கணக்கு?"

"அது என் பாடத்துல இல்ல மச்சான்" என்றேன். பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

திரும்பும் வழியில் அம்பாசமுத்திரத்தில் பஸ் நின்றபோது, கடையில் மஞ்சள் பூசணிக்காய் குவித்திருந்தார்கள். ஒன்றை வாங்கி அவர் மடியில் வைத்தேன். பஸ் ஆட ஆட அதன் வரிகளை விரலால் தடவிக்கொண்டே வந்தேன். இடுப்புப் பக்கம் வரிகள் ஒன்றை விட்டு ஒன்று விலகி, இணையாக நிற்கின்றன. மேலே போகப் போக நெருங்கி, காம்பில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. சட்டென்று எனக்கு விடிந்துவிட்டது. மடியில் இருந்த காயை நான் பிடுங்கின பிடுங்கலில் அவர் பயந்துபோனார்.

ஞாயிறு காலை அந்த அறை நிறைந்துவிட்டது. அண்ணாச்சி தன் கடையிலிருந்து ஒரு வெண்கலத் தாம்பாளம் கொண்டுவந்து மேஜையில் வைத்து, அதன் மேல் பூசணிக்காயை வைத்தார். கல்யாண வீடு மாதிரி இருந்தது. மச்சான் கடைசி வரிசையில், கதவோரம். நான் எழுந்து, எழுதின முதல் வரியையே சொன்னேன்.

"ஈர்ப்பு என்பது ஈர்ப்பு அல்ல."

கொல்லென்று சிரித்தார்கள். முன் வரிசையில் வெள்ளை மீசைக்காரர் ஒருவர், "அப்ப அல்வான்னா அல்வா இல்லியா?" என்று கேட்க, இன்னும் சிரிப்பு. அண்ணாச்சி திரும்பி, "டீச்சரப் பேச விடும்வே" என்று அதட்டினார்.

நான் காயைத் தூக்கிப் பிடித்தேன். "இதோட இடுப்புல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு எறும்பு நிக்குதுன்னு வைங்க. ரெண்டும் மேல பாத்து நேரா நடக்குது. எடது பக்கமும் திரும்பல, வலது பக்கமும் திரும்பல. ஒண்ணுக்கொண்ணு கூப்பிடல, கயிறு கட்டி இழுக்கல. ஆனா காம்புக்கிட்ட போனா ரெண்டும் முட்டிக்கிடும். தூரத்துல இருந்து பாக்குதவன், ஏதோ ஒண்ணு ரெண்டையும் சேத்து இழுத்துச்சும்பான். இழுத்தது எது?"

"காயோட வளைவு" என்றது ஒரு பெண் குரல்.

"அதேதான். இப்ப மேல போகுத திசைய காலம்னு வச்சுக்கோங்க. சும்மா உக்காந்திருக்கவனும் காலத்துல போய்க்கிட்டுத்தான் இருக்கான், யாரும் நிக்க முடியாது. பூமியோட கனத்தால காலம் வளைஞ்சிருக்கு. அதனால கைய விட்ட மாங்காயும் பூமியும் அதது பாட்டுக்கு நேராப் போயி ஒண்ணா வந்து சேருது. அதத்தான் நாம விழுந்துச்சுங்கோம்."

அண்ணாச்சி காயை வாங்கி அதன் வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கே புல்லரித்தது. அப்புறம் சூடான டீயைச் சொன்னேன், வானத்துக் கடிகாரங்களைச் சொன்னேன், பாறையிலிருந்து குதித்த ஒரு பெரிய மனிதரைச் சொன்னேன். கடைசி வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். முடிவில் வெள்ளை மீசைக்காரர் எழுந்து, இந்த முறை சிரிக்காமல் கேட்டார்.

"பொருள் இருந்தா எடமும் காலமும் வளையும்ங்கிய. ஏன் வளையணும்?"

"எவ்வளவு வளையும்னு கணக்கு சொல்லுது பெரியவரே. ஏன்னு சொல்லல. எனக்கும் தெரியாது" என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கைதட்டி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். பூசணிக்காய் மறுபடியும் அவர் மடியில். பாலத்தில் ஏறினதும் கீழே ஆற்றைப் பார்த்தபடி அவர் பேசினார்.

"ஏளா, நல்லாப் பேசின."

"ம்."

"ஒண்ணு கேக்கட்டா? இத்தன வருசத்துல, எத்தன தடவ பெட்டி தூக்கிருக்கேன். நீ ஒரு தடவகூட போவாதீங்கன்னு சொன்னதில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சொல்லக் கூடாதுல்லா மச்சான், பயணம் போறவங்கள..." என்று இழுத்தேன். அப்புறம் வழக்கம் போல முந்திக்கொண்டு, "இழுப்புன்னு ஒண்ணு இல்லவே இல்லன்னு காலையிலருந்து தொண்டத் தண்ணி வத்தக் கத்திருக்கேன், கேட்டியள்லா?" என்றேன்.

அவர் காயைத் தட்டிப் பார்த்தார்.

"அது பூமிக்கும் நெலாவுக்கும் சரி. நான் என்ன நெலாவா?"

பத்துக்கு ஒன்று. வழக்கம் போல என் பத்தும் படுத்துவிட்டது.

வந்ததும் சேலை கூட மாற்றாமல் அடுப்படிக்குப் போய்ப் பூசணிக்காயை வெட்டினேன். காம்போடு சேர்த்து இரண்டாகப் பிளந்தேன். போனால் இனி எத்தனை வருஷமோ. அந்தப் பாலைவனத்தில் இவர் கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் இங்கே பிள்ளைகள் மேல் சாக்பீஸ் எறிவேன், சாயங்காலம் வந்தால் அந்த நாற்காலி நுனியில் ஆள் இருக்காது. டம்ளர் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கும். யாரும் எங்கே என்று கேட்க மாட்டார்கள். கோபமாக மாறாத அழுகை ஒன்று முதல் தடவையாக வந்தது.

முன் அறையில் போன் அடித்தது.

"ஆங், சொல்லுங்க அண்ணாச்சி" என்று மச்சான் எடுத்தார். ஏஜெண்ட்தான். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வரும், தெருவில் இறங்கித்தான் பேச வேண்டும். அவர் செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. "ஒரு நிமிசம், வெளிய வாறேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே நடந்தார். நான் அடுப்படி வாசலுக்கு வந்தபோது அவர் வாசற்படியைத் தாண்டியிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

"மச்சான்!"

கூப்பிட்ட பிறகுதான் பொறத்தால கூப்பிட்டுவிட்டோம் என்று எனக்கு உறைத்தது. எதிர்வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திகைத்துத் திரும்பினாள். அவரும் திரும்பினார், போன் காதில் இருந்தபடியே.

"போவாதீங்க" என்றேன். கையில் அரிவாள்மனைப் பிசுக்கு, கண்ணெல்லாம் தண்ணீர். "எங்கயும் போவாதீங்க மச்சான். டம்ளர் எங்கன இருக்குன்னு தெனமும் கேளுங்க. நான் தெனமும் சொல்லுதேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். போனுக்குள் ஏஜெண்ட் ஹலோ ஹலோ என்று கத்துவது எனக்கே கேட்டது.

"இல்ல அண்ணாச்சி, நான் வரல்ல" என்றார் மச்சான், பைய. "ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு... இல்ல இல்ல, வேற வேலயும் கெடைக்கல்ல." படியேறி உள்ளே வந்தார். "வீட்டுல இழுக்காவ."